20240615_110045: இது என்ன பெயர்?

வீட்டில் இருக்கும் செல்போனை அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேலரியைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் ஃபோல்டருக்குள் போங்கள். ஏதாவது ஒரு படத்தைத் தொட்டு, அதன் விவரங்களைக் கேளுங்கள். படத்தின் பெயர் தெரியும். சாம்சங் போனாக இருந்தால் அது ஏறக்குறைய இப்படி இருக்கும். போனில் ஆங்கில எழுத்தில் வருவதை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

ஸ்கிரீன்ஷாட்_20240615_110045_வாட்ஸ்அப்

கைக்கு வந்த எண்களைத் தட்டிவிட்டது மாதிரி தெரிகிறதா? இதில் ஓர் எழுத்துகூட வீண் இல்லை. 2024 என்பது ஆண்டு. 06 என்பது ஜூன் மாதம். 15 தேதி. அடிக்கோட்டுக்கு அப்புறம் வரும் 11 மணி, 00 நிமிடம், 45 விநாடி. கடைசியில் இருப்பது அந்த நேரத்தில் திரையில் திறந்திருந்த செயலியின் பெயர். அதாவது 2024ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் தேதி, சனிக்கிழமை காலை, 11 மணி அடித்து 45 விநாடி ஆனபோது யாரோ வாட்ஸ்அப்பில் எதையோ பார்த்திருக்கிறார். அது தேவைப்படும் என்று நினைத்துத் திரையைப் படம் பிடித்திருக்கிறார்.

எதைப் பார்த்தார்? மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் வீடு என்றால் அது பூ மார்க்கெட்டின் அன்றைய மல்லி விலையாக இருக்கலாம். திருநெல்வேலிக்கு எடுத்த பஸ் டிக்கெட்டாக இருக்கலாம். பள்ளியிலிருந்து வந்த தேர்வு அட்டவணையாக இருக்கலாம். ஆட்டோக்காரருக்குப் பணம் அனுப்பியதற்கான ரசீதாகவும் இருக்கலாம். நான்கும் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் நான்குக்கும் ஒரே மாதிரிப் பெயர்தான். எப்போது என்பதை விநாடி சுத்தமாகச் சொல்லும் இந்தப் பெயர், என்ன என்பதைச் சொல்வதே இல்லை. பஸ் கிளம்பும் நேரத்தில் டிக்கெட்டைத் தேடி, கேலரியை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்கும் பெரியவர்களைப் பேருந்து நிலையத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அப்படியானால் போன் ஏன் இப்படிப் பெயர் வைக்கிறது?

முதல் காரணம் ஒரு கட்டாயம். ஒரே ஃபோல்டருக்குள் ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் இருக்க முடியாது. உங்கள் வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்தால் கே.கார்த்திக், எம்.கார்த்திக் என்று ஆசிரியர் சமாளித்துவிடுவார். கணினிக்கு அந்தச் சமாளிப்பு கிடையாது. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் இதுவரை யாருக்கும் வைக்காத ஒரு பெயர் வேண்டும். அதுவும் நீங்கள் பட்டனை அழுத்திய கணத்திலேயே வேண்டும். ஒவ்வொரு தடவையும் உங்களிடம் பெயர் கேட்டு நின்றால், நீங்கள் பிடிக்க நினைத்த காட்சி திரையிலிருந்து போயே போய்விடும். அந்தக் கணத்தில் போனுக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு: மணி என்ன என்பது. அதன் கடிகாரத்தை செல்போன் நெட்வொர்க்கும் இணையமும் அவ்வப்போது சரிசெய்துகொண்டே இருக்கின்றன. கடந்துபோன விநாடி திரும்பி வராது என்பதால் அந்த விநாடியையே பெயராக வைத்துவிட்டால் மோதல் வராது. ஒரே விநாடிக்குள் இரண்டு படம் எடுத்தால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஷாவ்மி போன்களில் விநாடிக்குப் பின்னால் இன்னும் மூன்று எண்கள் இருக்கும். அவை மில்லிவிநாடி, அதாவது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இரண்டாவது காரணம் இன்னும் அழகானது. நாம் தேதி எழுதும்போது 15-06-2024 என்று நாளை முதலில் எழுதுவோம். போன் ஏன் தலைகீழாக, ஆண்டை முதலில் எழுதுகிறது? ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். மூன்று தேதிகளை எழுதுங்கள்: 03-05-2024, 15-06-2024, 01-07-2024. இப்போது கணினி வரிசைப்படுத்துகிற விதத்தில் இவற்றை அடுக்குங்கள். கணினி பெயரை இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடும். முதல் எழுத்தில் எது சிறியதோ அது முன்னால் போகும். அங்கே சமமாக இருந்தால்தான் அடுத்த எழுத்தைப் பார்க்கும். அப்படி அடுக்கினால் 01-07 முதலில் வரும், பிறகு 03-05, கடைசியில் 15-06. ஜூலை, மே, ஜூன்! மாதங்கள் குழம்பிப் போயின.

அதே தேதிகளை 20240503, 20240615, 20240701 என்று எழுதிவிட்டு மறுபடி அடுக்குங்கள். மே, ஜூன், ஜூலை. காலண்டர் எதையும் பார்க்காமல், வெறும் எழுத்து ஒப்பீட்டிலேயே காலம் சரியாக வரிசையில் நின்றுவிடுகிறது. பெரிய அளவு முன்னால், சிறிய அளவு பின்னால் என்பதுதான் சூத்திரம். இப்படி எழுத வேண்டும் என்பதற்கு உலகம் முழுவதற்கும் ஒரு தரவிதியே இருக்கிறது. ஐஎஸ்ஓ 8601 என்று அதற்குப் பெயர். முதலில் வெளியானது 1988இல். ஜூனுக்கு 6 என்று போடாமல் 06 என்று போடுவதும் இதே விதிதான். அந்தப் பூஜ்யத்தை எடுத்துவிட்டால் 10ஆம் மாதம் 6ஆம் மாதத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், ஏனென்றால் முதல் எழுத்தில் 1 சிறியது, 6 பெரியது.

இந்தப் பூஜ்யத்தின் அருமை விண்டோஸ் கணினியில் தெரியும். விண்டோஸ் பட்டனையும் பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ஸ்கிரீன்ஷாட் (1), ஸ்கிரீன்ஷாட் (2) என்று வெறும் வரிசை எண்ணில் படங்கள் சேரும். விண்டோஸின் சொந்த ஃபைல் சன்னல் கொஞ்சம் புத்திசாலி. அடைப்புக்குறிக்குள் இருப்பதை முழு எண்ணாகப் படித்து 2க்கு அப்புறம் 10ஐ வைக்கும். எல்லா மென்பொருளும் அப்படிச் செய்யாது. அந்தப் படங்களை வேறொரு கருவிக்குக் கொண்டுபோனால் 1, 10, 11, 2 என்று நிற்கலாம். அதைவிடப் பெரிய குறை, ஸ்கிரீன்ஷாட் (57) என்ற பெயரிலிருந்து அது எந்த மாதம் எடுத்தது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது.

ஆப்பிள் மேக் கணினி தேதியையும் நேரத்தையும் எழுதும். ஆனால் கடிகாரத்தை 12 மணிக் கணக்கில் வைத்திருந்தால் பகல் ஒரு மணிப் படம் 1.05.12 என்றும், காலை பத்தரை மணிப் படம் 10.30.45 என்றும் பெயர் பெறும். பெயர்வாரியாக அடுக்கும்போது பகல் ஒரு மணி காலைக்கு முன்னால் வந்துவிடும்! 24 மணிக் கணக்கில் 13.05 என்று எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. இன்னொன்றையும் கவனித்தீர்களா? நாம் 10:30 என்று இரட்டைப் புள்ளி வைக்கும் இடத்தில் அங்கே ஒற்றைப் புள்ளிதான் இருக்கிறது. பழைய மேக் கணினிகளில் ஒரு ஃபோல்டரையும் அடுத்த ஃபோல்டரையும் பிரித்துக் காட்ட இரட்டைப் புள்ளியைத்தான் பயன்படுத்தினார்கள். விண்டோஸிலோ அது டிரைவின் எழுத்துக்குப் பின்னால் வரும் குறி. அதனால் இரண்டு இடத்திலும் ஃபைல் பெயருக்குள் அது நுழையக் கூடாது என்று ஆகிவிட்டது.

ஐபோனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் தேதியே இருக்காது. ஐஎம்ஜி_0347 என்பது போல ஒரு பெயர்தான். கேமராவில் எடுத்த போட்டோவும் இதே வரிசையில்தான் எண் வாங்கும். ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, ஓர் அடிக்கோடு, நான்கு எண், மொத்தம் எட்டு. ஏன் எட்டு? 1981இல் வந்த எம்எஸ்-டாஸ் கணினிகளில் ஒரு ஃபைலின் பெயர் அதிகபட்சம் எட்டு எழுத்துதான் இருக்கலாம். புள்ளி வைத்த பிறகு வகையைக் காட்ட மூன்று எழுத்து. 1995இல் விண்டோஸ் 95 வந்து நீளமான பெயர்களுக்கு வழி திறந்தது. ஆனால் 1998இல் ஜப்பானில் டிஜிட்டல் கேமராக்களுக்குப் பொதுவிதி எழுதியவர்கள், எந்தப் பழைய கணினியிலும் படம் திறக்க வேண்டும் என்று அந்த எட்டு எழுத்துக் கணக்கையே பின்பற்றினார்கள். நீங்கள் பிறப்பதற்கு முன்பே காணாமல் போன கணினிகளின் அளவுச்சட்டை இன்றைய போன்களிலும் இருக்கிறது.

நான்கு எண்தான் என்றால் 9999க்கு அப்புறம் என்ன ஆகும்? மறுபடி 0001தான். நம் தமிழ் ஆண்டுகள் பிரபவவில் தொடங்கி அட்சயவில் முடிந்து திரும்பவும் பிரபவவுக்கு வருவது போல இதுவும் ஒரு சுற்று. 2024 ஏப்ரலில் பிறந்த ஆண்டின் பெயர் குரோதி. 1964 ஏப்ரலில் பிறந்ததும் குரோதி. ‘குரோதி வருடம் பிறந்தவர்’ என்று மட்டும் சொன்னால் அது தாத்தாவா பேரனா என்று தெரியாது. ஐஎம்ஜி_0001க்கும் அதே நிலைமைதான். கேமரா இரண்டு 0001களையும் தனித்தனி ஃபோல்டரில் வைத்துச் சமாளிக்கும். நீங்கள் எல்லாப் படங்களையும் கணினியின் ஒரே ஃபோல்டருக்கு மாற்றும்போதுதான் ஆபத்து. ‘இதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, மாற்றவா?’ என்று கேட்கும். யோசிக்காமல் ‘ஆம்’ அழுத்தினால் பழைய படம் அழிந்துவிடும். அந்தக் கேள்வி வந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளும்படி சொல்லுங்கள்.

இப்போது ஒரு துப்பறியும் வேலை. ஃபேஸ்புக்கிலிருந்து போனில் இறக்கிய படங்களின் பெயரைப் பாருங்கள். எஃப்பி_ஐஎம்ஜி_1718429445123 என்பது போலப் பதின்மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். இதிலும் தேதி இருக்கிறது, ஆனால் ஆண்டாகவும் மாதமாகவும் பிரித்து எழுதப்படவில்லை. கணினிகளின் உள்ளே காலத்தை எண்ணுவதற்கு ஒரு பழக்கம் உண்டு. 1970 ஜனவரி 1ஆம் தேதி, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு 12 மணியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே போவது. யூனிக்ஸ் நேரம் என்பார்கள்.

வாருங்கள், பிரித்துப் பார்க்கலாம். கடைசி மூன்று இலக்கமான 123 மில்லிவிநாடி, அதை ஒதுக்கிவிடுங்கள். மீதி 1718429445. அதாவது 171 கோடியே 84 லட்சத்து 29 ஆயிரத்து 445 விநாடி. ஒரு நாளைக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், நிமிடத்துக்கு 60 விநாடி, பெருக்கினால் 86,400. இதால் வகுத்தால் ஈவு 19,889, மீதி 19,845. ஆக, 1970 ஜனவரி 1க்குப் பிறகு 19,889 முழு நாட்கள் கடந்திருக்கின்றன. 1970இலிருந்து 2023 முடிய 54 ஆண்டுகள். 54ஐ 365ஆல் பெருக்கினால் 19,710. இடையில் வந்த லீப் ஆண்டுகள் 1972 முதல் 2020 வரை 13. அதற்கு 13 நாள் கூட்டுங்கள், 19,723. மீதி 166 நாள், 2024இல் கழிந்தவை. 2024 லீப் ஆண்டு என்பதை மறக்காமல் ஜனவரி முதல் மே வரை கூட்டினால் 152. இன்னும் 14 நாள் ஜூனில் கழிந்திருக்கிறது. எனவே அது ஜூன் 15.

நேரம்? மீதி இருந்த 19,845 விநாடியை மணியாக்கினால் 5 மணி 30 நிமிடம் 45 விநாடி. இது கிரீன்விச் நேரம். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. கூட்டினால் காலை 11 மணி, 00 நிமிடம், 45 விநாடி. நாம் முதலில் பார்த்த ஸ்கிரீன்ஷாட்டின் அதே கணம்! கால்குலேட்டர் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுப் போனில் இருக்கும் ஒரு படத்துக்கு இதைச் செய்து பாருங்கள். விடை சரியாக வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

இந்த விநாடி எண் உலகம் முழுவதும் ஒன்றேதான். தேதி எழுதும் முறையில் அப்படி இல்லை. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே இருக்கும் மாமா 16ஆம் தேதி இரவு 12.30க்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், அவர் போன் அதற்கு 16 என்று பெயர் வைக்கும். அதே கணத்தில் மதுரையில் எடுத்த படத்துக்கு 15ஆம் தேதிதான். இங்கே இரவு 10 மணி.

ஒரு பெயரால் என்னென்ன சொல்ல முடியும் என்று பார்க்க மாட்டுத்தாவணியிலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. எம்ஜிஆர் பேருந்து நிலையத்துக்குள் நிற்கும் அரசுப் பேருந்துகளின் நம்பர் பிளேட்டைப் படியுங்கள். டிஎன் என்பது தமிழ்நாடு. அடுத்து வரும் எண், வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். மதுரை தெற்குக்கு 58, மதுரை வடக்குக்கு 59, மதுரை மத்திக்கு 64, திருநெல்வேலிக்கு 72, திருச்சிக்கு 45. அதன் பின்னால் ‘என்’ என்ற எழுத்து இருந்தால் அது அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வண்டி. எந்த ஊர், யாருடையது, எத்தனையாவது என்று மூன்று விவரம் ஒரு பெயருக்குள் இருக்கிறது.

அங்கிருந்து மேலூர் ரோட்டில் போனால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரும். 2004 ஜூலை 24 முதல் இயங்குகிறது. அங்கே தாக்கலாகும் ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு பெயர் உண்டு. முதலில் வழக்கின் வகை. ரிட் மனுவானால் டபிள்யூ.பி. பிறகு அடைப்புக்குறிக்குள் எம்டி என்று இருக்கும். அது மதுரை. பிறகு வரிசை எண், கடைசியில் ஆண்டு. வரிசை எண் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவதால் ஆண்டு கட்டாயம் வேண்டும். சென்னையிலும் அதே எண்ணில் ஒரு ரிட் மனு இருக்கலாம் என்பதால் எம்டி கட்டாயம் வேண்டும். என்ன வகை, எங்கே, எத்தனையாவது, எந்த ஆண்டு எல்லாம் அதில் இருக்கிறது. இந்தப் பெயர்களை அமைத்தவர்கள் பின்னாளில் ஒருவர் இதைத் தேடி வருவார், அவர் கையில் என்ன விவரம் இருக்கும் என்று யோசித்திருக்கிறார்கள். நம் ஸ்கிரீன்ஷாட் பெயரில் விடுபட்டது அந்த யோசனைதான். நீங்கள் தேடும்போது ‘அன்று காலை 11 மணி 45 விநாடி’ என்று நினைத்துக்கொண்டு தேடுவதில்லை. ‘அந்த மல்லி விலை எங்கே?’ என்றுதான் தேடுகிறீர்கள்.

மல்லி விலையையே எடுத்துக்கொள்வோம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஒருமுறை விடியும் முன் போய்ப் பாருங்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஈரச் சாக்குகளிலும் பைகளிலும் பூ வந்து இறங்கிக்கொண்டிருக்கும். மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கி, கனகாம்பரம். மல்லியைப் பூவாகப் பறிப்பதில்லை, மொட்டாகத்தான் பறிப்பார்கள். காலையில் பறித்த மொட்டு மாலையில் விரியும். அதற்குள் அது தராசு ஏறி, விலைபோய், கட்டப்பட்டு, யார் தலைக்கோ எந்தச் சாமிக்கோ போய்ச் சேர வேண்டும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, ஒரு நாள் தாண்டினால் மதிப்பை இழந்துவிடும். அதனால் அதன் விலையும் அந்தந்த நாளுக்கானது. ஒரே நாளுக்குள்ளேயே விடியற்காலை ஒரு விலை, வெயில் ஏறியபின் ஒரு விலை என்று மாறும். பனி கொட்டும் மார்கழி, தை மாதங்களில் பூ குறைந்து விலை ஏறும். கோடையில் பூ குவிந்து விலை இறங்கும். முகூர்த்த நாள் வந்தால் மறுபடி ஏறும்.

இந்த விலை இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் வருகிறது. உங்கள் வீட்டில் யாராவது பூ வியாபாரம் செய்தாலோ, பூந்தோட்டம் வைத்திருந்தாலோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள். அந்தப் படங்களை வைத்து ஒரு மாதத்து மல்லி விலை வரைபடம் போடலாம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை. வரைபடத்தாளில் கிடைக்கோட்டில் நாட்களைக் குறியுங்கள். செங்குத்துக் கோட்டில் கிலோவின் விலை. போனில் இருக்கும் ஃபைல் செயலியைத் திறந்து, தேடும் இடத்தில் 202406 என்று மட்டும் அடியுங்கள். ஜூன் மாதப் படங்கள் முழுவதும் வந்து நிற்கும். ‘ஜூன்’ என்று அடித்தால் ஒன்றும் வராது. பெயரில் அந்தச் சொல்லே இல்லையே! பெயர்வாரியாக அடுக்கச் சொன்னால் மாதத்தின் முதல் நாளிலிருந்து வரிசையாக இறங்கும். கிடைக்கோட்டை உங்களுக்காகப் போனே போட்டு வைத்திருக்கிறது. ஒரே நாளில் இரண்டு விலைப் படம் இருந்தால் பின்பாதி எண்ணைப் பாருங்கள். 061512 என்றால் காலை ஆறே கால் மணிச் சந்தை விலை, 110045 என்றால் வெயில் ஏறியபின் பார்த்தது. இந்த இடத்தில் அந்த விநாடிக் கணக்குப் பெயருக்கு நிகரே இல்லை. நீங்கள் யோசித்துப் பெயர் வைத்திருந்தால்கூட நேரத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

ஒரு பொறி இருக்கிறது, கவனம். விலைப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல், குழுவில் வந்த படத்தையே வைத்துக்கொண்டிருந்தால் அதன் பெயர் ஐஎம்ஜி-20240615-டபிள்யூஏ0003 என்று இருக்கும். கடைசி நான்கு எண் அந்த நாளின் வரிசை எண். முன்னால் இருக்கும் தேதி, படம் எடுத்த நாள் கிடையாது; உங்கள் போனுக்கு வந்து சேர்ந்த நாள். போன வாரத்து விலைப் பட்டியலை யாரோ இன்று ஃபார்வர்டு செய்தால் அது இன்றைய தேதியைப் பூசிக்கொண்டு வந்து நிற்கும். வரைபடத்தில் திடீரென்று ஒரு புள்ளி ஒட்டாமல் தனியாகத் துள்ளினால், விலை ஏறியது என்று முடிவு கட்டுவதற்கு முன் படத்துக்குள் எழுதியிருக்கும் தேதியைப் படித்துப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டுக்கும் இது பொருந்தும். அதன் பெயரில் இருப்பது நீங்கள் பட்டனை அழுத்திய நேரம். செய்தி வந்த நேரமாக அது இருக்க வேண்டியதில்லை.

இனி எதிர்ப்பக்கம். தேதி நினைவில்லை, ‘மல்லி’ என்று தேடி அந்தப் படங்கள் மட்டும் வர வேண்டும். பெயரில் மல்லி இல்லாததால் ஃபைல் செயலி கைவிரித்துவிடும். இப்போதைய போன்கள் பல, படத்துக்குள் இருக்கும் எழுத்தையே படித்துத் தேடுகின்றன. படத்தில் இருப்பது வெறும் புள்ளிகள். அந்தப் புள்ளிகளின் வடிவத்தைப் பார்த்து இது இன்ன எழுத்து என்று மென்பொருள் ஊகிக்கிறது. எழுத்துணரி என்று இதைச் சொல்வார்கள். ஆங்கிலத்தைப் படிக்கும் அளவுக்குத் தமிழை எல்லாப் போன்களும் படிப்பதில்லை. நம் எழுத்து அதற்கு வைக்கும் சோதனைகள் அப்படி. ‘ர’ என்ற எழுத்தையும் ‘கா’வில் வரும் துணைக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், எவ்வளவு நெருக்கம்! ‘கொ’ என்பது ஓர் எழுத்து. ஆனால் திரையில் கொம்பு, க, கால் என்று மூன்று உருவமாக நிற்கிறது. அதிலும் கொம்பு முன்னால் வந்தாலும் ஒலிப்பதென்னவோ க்-க்குப் பின்னால்தான். கடைக்காரர் கையால் எழுதிய விலைச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தால் இன்னும் சிரமம். தமிழ் எழுத்துணரிகள் வளர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. உங்களில் யாராவது பெரியவர்களாகி இதைச் செம்மையாக்குவீர்கள் என்று நான் உண்மையாகவே எதிர்பார்க்கிறேன். அதுவரை படத்துக்குள் இருப்பது என்ன என்று உறுதியாகத் தெரிந்தவர் அதை எடுத்த நீங்கள்தான்.

அதனால் முக்கியமான படத்துக்கு அன்றைக்கே ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். போன் வைத்த தேதியை அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் என்ற சொற்களை எடுத்துவிட்டு, தேதியையும் நேரத்தையும் முன்னால் அப்படியே வைத்து, பின்னால் எழுதுங்கள்: 20240615_110045_மல்லி விலை. இப்போது 202406 என்று தேடினாலும் கிடைக்கும், மல்லி என்று தேடினாலும் கிடைக்கும், இப்படிப் பெயர் மாற்றியவற்றின் வரிசையும் கெடாது. எல்லாப் படத்துக்கும் இப்படிச் செய்ய உட்கார்ந்தால் சலித்துப்போய் ஒன்றுக்கும் செய்ய மாட்டீர்கள். டிக்கெட், ரசீது, தேர்வு அட்டவணை, உங்கள் ஆய்வுக்கான படம் ஆகியவற்றுக்கு மட்டும் போதும். ‘முக்கியம்’, ‘புதுசு’ போன்ற சொற்களைத் தவிருங்கள். ஆறு மாதம் கழித்து எது முக்கியம், எது புதுசு என்று யாருக்குத் தெரியும்? மல்லிக்கு ஒரு நாள் ‘மல்லி’, இன்னொரு நாள் ‘மல்லிகை’, மற்றொரு நாள் ‘பூ’ என்று மாற்றி மாற்றி எழுதவும் கூடாது.

தேதியை விட்டுவிட்டுத் தமிழ்ச் சொல்லை முதலில் வைத்தால் வேறொரு விசித்திரத்தைப் பார்ப்பீர்கள். யூனிகோட் அட்டவணையில் தமிழ் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் எண்வரிசை, நாம் படித்த நெடுங்கணக்கு வரிசை இல்லை. அங்கே ந-வுக்கு அடுத்தே ன வருகிறது, ர-வுக்கு அடுத்தே ற வருகிறது, ழ-வுக்கு முன்னால் ள வருகிறது. நம் அகராதியில் ‘பழம்’ முதலில், ‘பள்ளி’ பிறகு. எண்ணை மட்டும் பார்க்கும் கணினி ‘பள்ளி’யை முன்னால் வைத்துவிடும். தமிழ் வரிசை தெரிந்த மென்பொருள்கள் இதைச் சரிசெய்துகொள்கின்றன. தெரியாதவையும் நிறைய உண்டு. தேதி எண் முன்னால் இருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே வராது.

கடைசியாக, அனுப்புகிற விஷயம். இப்படிப் பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்த படத்தை வாட்ஸ்அப்பில் வழக்கம்போலப் படமாக அனுப்பினால், அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது உங்கள் பெயர் போய்விடும். மறுபடி ஐஎம்ஜி, தேதி, டபிள்யூஏ, நான்கு எண்தான். படத்தின் அளவையும் குறைத்து அனுப்புவதால் சின்ன எழுத்துகள் மங்கிவிடும். பேப்பர் கிளிப் போன்ற குறியை அழுத்தி, ‘டாக்குமென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அதே படத்தை உங்கள் அத்தைக்கு அனுப்பிப் பாருங்கள். அத்தையின் போனில் 20240615_110045_மல்லி விலை என்றே போய் இறங்கும், விலையும் தெளிவாகப் படிக்க வரும்.